ஊர்க்கிணற்றில் ஏறியது யார்?

“ஐயோ... பெரிய பண்ணாடிய யாரோ கொன்னு போட்டுட்டாங்க!”

அலறியது, தண்ணீர் சேந்த வந்த பெண்களில் ஒருத்தி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி. திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஊஞ்சப்பாளையம். அப்போதுதான் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

ஊர்க்கிணற்றின் மேடையில், ராட்டினத்துக்குக் கீழே, மல்லாந்து கிடந்தார் சென்னிமலை. ஊருக்குப் பெரியதனக்காரர், பண்ணையார். மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தம் தோய்ந்த ஒரு கருங்கல். சற்றுத் தள்ளி, உடைந்த ஒரு மண்கலயம்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான் அர்த்தநாரி. இறந்தவரின் உடன்பிறந்த தம்பி.

“அண்ணா... என்னையத் தனியா உட்டுட்டுப் போயிட்டீங்களேண்ணா...”

மார்பில் அடித்துக்கொண்டு விழுந்து புரண்டான். பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது.

கொன்றவன் அவன்தான்.

யார் கொன்றது என்று கடைசி வரை மூடி வைத்து உங்களை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை. மாட்டுவானா, தப்புவானா... அதுதான் கதை.

சற்று முன்னால், விடியக் கருக்கலில், அதே மேடையில் நடந்தது இது.

“வளவுக்காரங்களுக்கும் இந்தக் கெணத்துல தண்ணி உட்டுரலாம்னு இருக்கறன்டா” என்றார் சென்னிமலை.

வளவு என்றால் ஊருக்கு வெளியே, தோல் வேலை செய்யும் மாதாரிகளின் குடிசைகள்.

“என்னண்ணா பேசறீங்க?”

“குப்பாயி புள்ள செத்ததுல இருந்து எனக்குத் தூக்கமில்லடா. மாடு படுத்துக் கெடக்கற குட்டத் தண்ணியக் குடிச்சு, வாந்திபேதியில போயிருச்சு. இந்தக் கெணத்த வெட்டுனதே அவிகதான? குப்பாயி புருசன் பாறை உருண்டு இதுக்குள்ளதான செத்தான்?”

“வெட்டுனதுக்குக் கூலி குடுத்தாச்சு.”

“செத்ததுக்கு?”

அர்த்தநாரி துண்டை உதறித் தோளில் போட்டான்.

“இன்னைக்கு ஊர்க்கூட்டத்துல சொல்லிர்றன்” என்றார் சென்னிமலை.

“சொன்னா நம்ம ஊட்டுல எவன் பொண்ணு எடுப்பான்? எவன் நம்ம கூடப் பந்தியில ஒக்காருவான்?”

“ஒக்காராட்டிப் போறான். போடா, போய் வேலையப் பாரு.”

அவர் கயிற்றைப் பிடிக்கக் குனிந்தார்.

அர்த்தநாரியின் கைக்குக் கல் அகப்பட்டது.

ஒரே அடி. அண்ணன் ஒரு சத்தமும் போடவில்லை.

கல்லைக் கீழே போட்டான். தூக்குக் கயிறு கண்ணுக்குத் தெரிந்தது. அதில் தொங்க வேறொரு கழுத்து வேண்டுமே? யோசித்தான்... கிடைத்தது. குப்பாயியின் கழுத்து!

மகள் செத்த அன்று அவள் ஊர் நடுவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். “தண்ணி இல்லீன்னு சொன்ன பண்ணாடி நல்லா இருப்பாரா?” என்று சென்னிமலையின் முகத்துக்கு நேராகவே கேட்டாள். ஊரே அதைக் கேட்டிருந்தது. இதைவிட என்ன வேண்டும்?

வளவு ஓரத்தில் கிடந்த ஒரு மண்கலயத்தை எடுத்து வந்து மேடையில் போட்டு உடைத்தான். ஊருக்குள் பித்தளைக் குடம் இல்லாத வீடு கிடையாது. மண்கலயம் என்றால் வளவுதான். குழந்தைக்கும் புரியும்.

புரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கைலாசம் சைக்கிளில் வந்து இறங்குவதற்குள், குப்பாயியைப் புளியமரத்தில் கட்டி வைத்து அடித்திருந்தார்கள். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. அந்த ஊர்த் தோட்டங்களில் மாடு பூட்டிக் கவலை இறைக்கிற தோல் சால் அத்தனையும் அவள் கை தைத்தது. அவள் ஊசி இல்லாவிட்டால் ஒரு பாத்திகூட நனையாது. அதை அன்றைக்கு யாருமே நினைக்கவில்லை. என்றைக்குமே நினைத்ததில்லை என்பது வேறு விஷயம்.

கைலாசம் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். ஒல்லி. பாதி மூடிய கண். தூங்குகிறார் என்று நினைத்துப் பேசியவர்கள் பலர் ஜெயிலில் இருக்கிறார்கள்.

“யார் பாத்தது?”

“நாந்தானுங்க” என்றான் அர்த்தநாரி. “கருக்கல்ல காட்டுக்குப் போயிட்டிருந்தனுங்க. இவ மேடையில இருந்து எறங்கி ஓடுனா.”

“மேடையில இருந்தா?”

“ஆமாங்க.”

“அப்போ கிணத்து மேடையில ஏறியிருக்கா.”

“ஏறாம எப்படிங்க கொல்லுவா?”

சொல்லி முடித்தான். கூட்டத்தில் முணுமுணுப்பு சட்டென்று நின்றது. பெரியதனக்காரர் பிணமாகக் கிடந்தபோதுகூட அந்த முகங்கள் இப்படி வெளுக்கவில்லை.

கோயில் காரியங்களை முன்னின்று நடத்தும் நாச்சிமுத்து மெல்ல முன்னால் வந்தார். அர்த்தநாரிக்குப் பெண் கொடுத்த மாமனார்.

“மாப்பள... யோசிச்சுப் பேசுங்க.”

“என்னங்க மாமா யோசிக்கறது? நாந்தான் பாத்தனே.”

“கம்பம் நட்டிருக்குதுங்க மாப்பள.”

அர்த்தநாரி திரும்பிக் கோயில் பக்கம் பார்த்தான். அதை மறந்தே போயிருந்தான்!

மாரியம்மன் நோன்புக்காகக் கோயிலில் கம்பம் நட்டிருந்தார்கள். தினமும் காலையில் பெண்கள் குளித்து, ஈரச் சேலையோடு, இந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்திப் போய்க் கம்பத்துக்கு ஊற்றுவார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு அம்மை. அர்த்தநாரியின் ஒரே பையனும் வேப்பிலையில் படுத்திருந்தான். கம்பத்துக்கு ஊற்றிய அதே தண்ணீரைத்தான் அவன் வாயிலும் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

பிணம் கிடந்த தீட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தால் போய்விடும். மாதாரிப் பெண்ணின் கால் பட்ட தீட்டு போகவே போகாது. கம்பத்தைப் பிடுங்க வேண்டும். நோன்பு பாழ். ஊரின் கட்டுப்பாடு அப்படி! போட்டவன் எவன் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கும் அவனைப் பார்க்க ஆசைதான்.

கைலாசத்தின் பாதிக் கண் இன்னும் கொஞ்சம் மூடியது.

“சரி, எழுதிக்கறேன். வளவுப் பொம்பளை கிணத்து மேல ஏறினா... கோயில் பூசாரிக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடறேன். அவருக்குத் தெரியணும் இல்ல?”

“எழுதாதீங்க சாமி” என்றார் நாச்சிமுத்து அவசரமாக. “அவ ஏறலீங்க.”

“கலயம் கிடக்குதே?”

“நாய் கவ்விட்டு வந்திருக்குமுங்க.”

“கலயத்தையா?”

“பெரிய நாயுங்க.”

கான்ஸ்டபிள் ஒருவர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

“மாமா... நான் கண்ணால பாத்தனுங்க” என்றான் அர்த்தநாரி.

“நீங்க பாக்கலீங்க மாப்பள. வளவுக்காரங்க ஒருத்தரும் இந்த மேடையில இன்னைக்கு வரைக்கும் கால் வெச்சதில்ல. அம்மன் மேல ஆணையாச் சொல்றன். ஏனப்பா, நீங்க சொல்லுங்க.”

“ஆமாங்க... ஏறலீங்க...” என்றது கூட்டம் ஒரே குரலில்.

“அப்படின்னா கொன்னவன் மேடையில ஏற உரிமை இருக்கறவன். ஊர்க்காரன்” என்றார் கைலாசம். “கருக்கல்ல இங்க இருந்தேன்னு சொன்னது ஒரே ஒருத்தர்தான்.”

எல்லோரும் அர்த்தநாரியைப் பார்த்தார்கள். அவன் கண்கள் கூட்டத்தில் தன் மனைவியைத் தேடின.

அங்கம்மாள் வேப்பிலைக் கொத்தோடு நின்றிருந்தாள். “நான் பார்த்ததாகச் சொன்னது புளுகு, வீட்டில்தான் படுத்திருந்தேன் என்று சொல்லேன்” என்று கண்ணாலேயே கெஞ்சினான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வான்.

அங்கம்மாள் வாயைத் திறந்தாள்.

“இவிக கருக்கல்ல எந்திரிச்சுப் போனாங்க. திரும்பி வந்து, இவிகளே வேட்டியத் தொவைச்சு வேலியில காயப் போட்டாங்க.”

“அதுல என்னம்மா இருக்கு?”

“கண்ணாலம் ஆனதுல இருந்து இவிக ஒரு கோவணத்தக்கூடத் தொவைச்சதில்லீங்க.”

கான்ஸ்டபிள் ஓடிப்போய்க் கிளுவை வேலியில் கிடந்த வேட்டியை எடுத்து வந்தார். துவைத்துப் பழகாத கை. கறை அப்படியே இருந்தது.

“அங்கு... நான் உம்பட புருசன்.”

“எம்பட பையன் பொழைக்கோணுமுங்க.” அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. “நேத்து வரைக்கும் நான் ஊத்துன தண்ணியெல்லாம் சுத்தமான தண்ணிங்க. அவ ஏறலீங்க. நீங்கதான்.”

விலங்கு பூட்டினார்கள்.

சென்னிமலையின் உடல் மாட்டு வண்டியில் ஏறியது. மேடையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். குப்பாயியின் கட்டை அவிழ்த்தார்கள். அடித்தவர்களில் ஒருவர்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. நாச்சிமுத்து மட்டும் அவளிடம் பேசினார்.

“ஏ குப்பாயி... எங்க தோட்டத்துச் சால் கிழிஞ்சு கெடக்குது. நாளைக்கு வந்து தெச்சுக் குடுத்துரு.”

“சரிங்க சாமி” என்றாள் அவள்.

உச்சி வெயில். கைலாசம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பின்னால் கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் அர்த்தநாரி. நாலு முழம் தள்ளிக் குப்பாயி. வளவை நெருங்கும்போது அர்த்தநாரி நின்றுவிட்டான்.

“தண்ணி...” என்றான்.

கைலாசம் சுற்றிலும் பார்த்தார். வளவைத் தவிர வேறொன்றும் இல்லை.

“குப்பாயி, உன் குடிசையில தண்ணி இருக்கா? குட்டைத் தண்ணின்னா வேண்டாம். இவனை உயிரோட கோர்ட்டுல ஒப்படைக்கணும்.”

குப்பாயி ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாரும் அருகில் இல்லை.

“குட்டத் தண்ணி இல்லீங்க சாமி.”

“பின்ன?”

“ஊர்க்கெணத்துத் தண்ணிங்க.”

அர்த்தநாரி விலுக்கென்று நிமிர்ந்தான்.

“புள்ள செத்ததுல இருந்து தெனமும் கருக்கல்ல ஏறி நாந்தானுங்க சேந்திட்டு வாரன். வளவு மொத்தமும் அதத்தான் குடிக்குது.”

“இன்னைக்கும் போனியா?”

“போனனுங்க. அண்ணந் தம்பி பேசற சத்தங் கேட்டு, வேலிக்குப் பொறவால குத்த வெச்சுட்டன். எல்லாத்தையும் பாத்தனுங்க.”

“அந்த அடி அடிச்சாங்களே... அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“பாத்தன்னு சொன்னா, அங்க நின்னன்னு சொல்லோணுமுங்களே. கொன்னவருக்குச் செயிலுங்க. ஏறுனவளுக்கு நெருப்புங்க. நான் போயிட்டா நாளைக்கு வளவுப் புள்ளைகளுக்குத் தண்ணி யாருங்க கொண்டாறது?”

“நான் எதையும் கேக்கல. போய்த் தண்ணி கொண்டா” என்றார் கைலாசம்.

அர்த்தநாரி ஊரை நோக்கித் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினான்.

“மாமா... அவ ஏறியிருக்கறா... தெனமும் ஏறியிருக்கறா... அவளே சொல்றா மாமா!”

ஊர் எல்லையில் நின்றிருந்த நாச்சிமுத்துவின் காதில் அது நன்றாகவே விழுந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பினார்.

“பாவம்... மாப்பளைக்குப் புத்தி பெரண்டு போச்சு. வாங்கப்பா, கோயில் வேலை கெடக்குது.”

அவர்கள் போய்விட்டார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

குப்பாயி கலயத்தோடு வந்தாள். அர்த்தநாரி அதைப் பார்த்தான். வெயிலைப் பார்த்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. விலங்கிட்ட கைகளைக் குவித்துக் குனிந்தான். காலமெல்லாம் அவளும் அவள் சனமும் அவன் வீட்டு வாசலில் குனிந்தது போலவே.

அவள் உயரத் தூக்கி ஊற்றினாள். அவன் கை உதட்டருகில் தயங்கியது.

“தெகிரியமாக் குடிங்க சாமி. கம்பத்துக்கு ஊத்துனதும் இதே தண்ணிதான்... அம்மனே ஒண்ணுஞ் சொல்லல.”