மூன்றாவது நாற்காலி

"அழிச்சிட்டீங்களா?"

கதவருகே நின்றவன் தமிழில்தான் கேட்டான். அனுசூயாவின் கையிலிருந்த டஸ்டர் அந்தரத்திலேயே நின்றது. கனடாவில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், ஒரு பள்ளிக்கூடத்தின் இரண்டாவது மாடியில், அக்டோபர் மழையில் தொப்பலாக நனைந்து... ஒரு தமிழ்க் குரல்!

"எதை?"

"துறைமுகத்தை! காலையில எட்டு மணிக்கு வந்து ரெண்டு மணி நேரம் வரைஞ்சேங்க. ஒரு காப்பி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள..."

அவள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். நீலமும் மஞ்சளுமாக ஏதேதோ கோடுகள் இருந்தது உண்மை. எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் பெரிதாக ஓர் 'அ' போட்டிருந்தாள்.

"பசங்க கிறுக்கி வெச்சதுன்னு நினைச்சேன்."

"கிறுக்கலா? மேடம், நான் துறைமுகத்துல எஞ்சினியர்!"

"அதையும் ஓரத்துல எழுதி வெச்சிருக்கலாமே சார்?"

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த தமிழ் டாக்டர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேரும் வாயைப் பிளந்தார்கள். தமிழில் சண்டை போடுவதை அவர்கள் வீட்டுக்கு வெளியே பார்த்ததே இல்லை.

பள்ளிக் காவலர் ஒரே அறையை இரண்டு பேருக்கும் கொடுத்திருந்தார். அவளுடைய சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கும் அதுதான். துறைமுகத் தொழிலாளர்களுக்கு அவன் நடத்தும் வரைபட வகுப்புக்கும் அதுதான்.

"சரி, நான் பக்கத்து ரூமுக்குப் போறேன். ஆனா ஒண்ணு..." வாசல்வரை போனவன் திரும்பினான். "உங்க 'அ' கோணலா இருக்கு."

போய்விட்டான். என்ன திமிர்! அனுசூயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தக் கண்கள்... மழைத் துளி ஒதுங்கி நிற்கும் இமைகளும், சிரிப்பை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்ட அந்தப் பார்வையும்... சே! அவள் 'அ'வை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள்.

அவன் பெயர் குணசீலன். அடுத்த சனிக்கிழமை இரண்டு காப்பி வாங்கி வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை அவள் தயிர் சாதம் கொண்டுவந்தாள். நான்காவது சனிக்கிழமைக்குள் பல்கலைக்கழகத்தில் அவள் செய்யும் ஆராய்ச்சி அவனுக்குத் தெரியும். அவன் சட்டையில் எத்தனை பொத்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

"எங்கப்பா யாருன்னு நினைச்சீங்க? ஹைஸ்கூல்ல இலக்கிய மன்றச் செயலாளர்," என்றான் ஒருநாள்.

அனுசூயாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "எங்கப்பாவும்தான்! தினம் காலையில இட்லியோட அதையும் சேர்த்துத்தான் முழுங்கறேன். தமிழ்நாட்டுல தெருவுக்கு ஒரு செயலாளர் போலிருக்கு."

அவன் சிரிக்கவில்லை.

"எனக்கு அவரைப் பத்தித் தெரிஞ்சது அது ஒண்ணுதாங்க."

அவனுடைய இரண்டு வயதில் ஊருக்குள் காலரா வந்து, அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். யாரோ அவனை மதுரையில் ஒரு அநாதை விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், ஒரு தகரப் பெட்டியோடு. பெட்டிக்குள் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ ஒன்று. படிக்கத் தெரிந்த அன்று, அதன் அடியில் அச்சடித்திருந்த பெயர்களில், விடுதியில் சொல்லித் தந்திருந்த அப்பாவின் பெயரைக் கண்டுபிடித்தானாம். விடுதி முழுக்க ஓடினானாம்... எனக்கும் அப்பா இருக்காரு, எனக்கும் அப்பா இருக்காரு என்று.

அன்று பஸ்ஸில் போகும்போது அனுசூயாவுக்குத் தெரிந்துவிட்டது. இவன்தான். இனி வேறு யாரும் இல்லை.

அவளுடைய அப்பா மணிவாசகம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். மனைவி போன பிறகு, அந்த ஜூனில்தான் மகளோடு வந்து தங்கியிருந்தார்.

"யாரோட பிள்ளை?" என்றார். குணசீலனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவள் சொன்னதும் முதல் கேள்வியே அதுதான்.

"அப்பா அம்மா இல்லை. விடுதியில வளர்ந்தவர்."

"கூப்பிட்டுப் பேச ஒரு சித்தப்பா, மாமன்..."

"யாரும் இல்லைப்பா."

"அப்போ நான் யார்கிட்டம்மா சம்பந்தம் பேசறது? துறைமுகத்துக்கிட்டயா? ஊர் பேர் தெரியாதவனைப் பார்க்கக்கூட எனக்கு இஷ்டமில்லை."

அதை அவள் சொன்னபோது குணசீலனின் காது மடல் சிவந்தது.

"கெஞ்ச மாட்டேங்க. வாசல்ல வந்து நிக்கவும் மாட்டேன். ஆனா நான் யாரோட பிள்ளைன்னு உங்கப்பா ஒரு தடவை பார்க்கட்டும்."

அடுத்த வாரம் செய்தித்தாளில் சுற்றிய அட்டையை அவள் மேஜைமேல் வைத்துப் பிரித்தான். பழுப்பேறிய படம். மேலே ஊர்ப் பெயரும் 1932 என்ற வருஷமும்.

"அட! இது எங்கப்பாவோட ஊர்! எங்கப்பா படிச்ச ஸ்கூல்!"

"நிஜமாவா?" அவன் முகம் மலர்ந்த மலர்ச்சி! "அப்போ உங்கப்பாவுக்கு இவரைத் தெரிஞ்சிருக்குமே! இதோ... முன் வரிசையில மூணாவது நாற்காலி. வி. நடராசன், செயலாளர்." விரலை அந்த முகத்தில் படாமல் பக்கத்தில் வைத்தான். "மூக்கு அப்படியே எனக்கு வந்திருக்கு, பாருங்க."

அனுசூயா குனிந்து பார்த்தாள்.

பிறகு அவளால் நிமிர முடியவில்லை.

கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மூன்றாவது நாற்காலியில், பதினேழு வயதில்... அவளுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். அப்பா அம்மா கல்யாணப் படத்தில் இருக்கும் அதே முகம். அதே விறைத்த காது. அதே பிளந்த முகவாய்.

"என்னங்க? ஏன் பேச மாட்டேங்கறீங்க?"

"ஒண்ணுமில்லை... இதை நான் எடுத்துட்டுப் போகவா?"

"ஜாக்கிரதைங்க. இது இதுவரைக்கும் என் கையை விட்டுப் போனதில்லை."

பஸ்ஸில் படத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் என் அப்பாவுடையது. பெயர் குணசீலனின் அப்பாவுடையது. அப்படியென்றால்... அப்பாவுக்கு இன்னொரு பெயரா? இன்னொரு குடும்பமா? அப்படியென்றால் குணசீலன் எனக்கு... ஐயோ! வெளியே டோர்வல் விமான நிலையத்துக்கு ஒரு விமானம் தலைக்குமேல் இறங்கியது. அவள் காதில் விழவில்லை.

வீட்டுக்குள் போனதும் படத்தை அப்பாவின் மடியில் போட்டாள்.

"நீங்கதானே நடராசன்?"

மணிவாசகம் படத்தைக் கையில் எடுத்தார்.

"சொல்லுங்கப்பா! இந்த நடராசன்தான் தன் அப்பான்னு குணசீலன் கும்பிட்டுட்டு இருக்காரு. அப்போ அவர் எனக்கு யாரு? எனக்கு இப்பவே தெரியணும்!"

"ஐயையோ... அனு! என்னம்மா நினைச்சிட்டே?" அவர் பதறி எழுந்தார். "சத்தியமா இல்லைம்மா. நடராசன் வேற, நான் வேற. அந்த நாற்காலி... அவனோடது."

அவர் மெல்ல உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நெல்லு விலை அடியோட விழுந்த வருஷம் அது. உலகம் பூரா அப்படித்தான்னு பின்னாடி படிச்சோம். அப்போ எங்களுக்குத் தெரிஞ்சது, கிளாஸ்ல இடம் காலியாகுது, அவ்வளவுதான். ஆறாவது பாரத்துல, அதான் ஸ்கூல்ல கடைசி கிளாஸ்ல, நாப்பத்திரண்டு பேர் சேர்ந்தோம். பொங்கலுக்கு மிச்சம் பத்தொன்பது. தோட்டக் கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பேர்தான் கழகம்... அதுல விளைஞ்ச கீரையும் கத்திரிக்காயும்தான் பாதிப் பேருக்கு மத்தியானச் சாப்பாடு. சாரணர் படைக்குப் பத்துப் பேருக்கு ஒரு விசில். இலக்கிய மன்றம் மட்டும்தான் நல்லா நடந்துது. வாய் இருந்தாப் போதுமே! நடராசன் பேச எழுந்தா வாத்தியாருங்க வராந்தாவுல வந்து நிப்பாங்க."

"அப்புறம்?"

"படம் எடுக்க நாலு நாள் இருக்கறப்போ அவன் அப்பா வந்து அவனை நிறுத்திட்டார். அரிசி ஆலை வேலைக்கு. பேர்ப் பட்டியல் ஸ்டூடியோவுக்கு ஏற்கெனவே போயாச்சு. அவனே தன் கோட்டைக் கொண்டுவந்து என் கையில கொடுத்தான். 'கோட்டு இல்லாம முன் வரிசையில உக்கார விட மாட்டாங்க. நாற்காலி காலியா இருந்தா மன்றமே போச்சும்பாங்க. நீ உக்காருடா'ன்னான்."

"அதுல தப்பில்லையேப்பா."

"தப்பு அதுக்கப்புறம்தான். வேலைக்கு மனுப் போட்டப்போ 'செயலாளர்'னு எழுதினேன். உங்கம்மாவைப் பெண் பார்க்கப் போனப்போ சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே நிஜமாயிடுச்சு. எனக்கும் ஒரு படம் வந்தது... என் முகத்துக்கு அடியில அவன் பேரு. சுவத்துல மாட்ட முடியுமா? கோட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூட நான் போகலைம்மா."

படத்தை மறுபடி கையில் எடுத்தார். பிறகு சடாரென்று நிமிர்ந்தார்.

"நடராசன் பிள்ளையா அவன்? இதைவிட எனக்கு என்ன சம்பந்தம் வேணும்! வரச் சொல்லு. தை மாசமே முடிச்சிடலாம்."

அனுசூயாவுக்கு நம்ப முடியவில்லை. இவ்வளவு சுலபமா?

"ஆனா அனு... இதை அவன்கிட்டச் சொல்லிடாதே. அந்த முகத்தைக் கும்பிட்டு வளர்ந்தவன், தாங்க மாட்டான். நாப்பது வருஷமாச்சு, இந்த வழுக்கைத் தலையில அவன் எதைக் கண்டுபிடிக்கப் போறான்? அதோட... நானும் அவன் கண்ணைப் பார்க்கணுமில்லையா?"

அந்த வாரம் முழுக்க அவளுக்குள் ஒரே வாதம். வாயைத் திறக்காமல் இருந்தால் கல்யாணம். திறந்தால்... அவனுடைய அப்பாவின் முகத்தை அவளே அழிக்க வேண்டும்.

சனிக்கிழமை பிள்ளைகள் போனதும் அழித்தாள். படத்தை மேஜைமேல் வைத்து, ஒன்று விடாமல் சொன்னாள்.

"விளையாடாதீங்க," என்றான்.

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவன் கை தன்னையறியாமல் தன் மூக்கைத் தொட்டது. தொட்டுவிட்டு, சுட்டதுபோல் விலகியது.

"ஒவ்வொரு பரீட்சைக்கும் இவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். கனடாவுக்கு வர்றப்போ பெட்டியில வைக்காம மடியில வெச்சு... இ... இவரு... உ... உங்கப்பாவா?"

படத்தைக்கூட எடுக்காமல் வெளியே போய்விட்டான். அவள் பின்னாலேயே ஓடினாள். நவம்பர் மழை, பனியாகலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டு விழுந்தது. பள்ளிக்கூடத்துப் படியில் நின்றான்.

"உங்கப்பா சரின்னுட்டாரு! நீங்க ஒரு வா... வார்த்தை சொல்லாம இருந்திருந்தா தையில கல்யாணம்! ஏன் சொன்னீங்க?"

"நம்ம வீட்டுச் சுவத்துல அந்தப் படம் மாட்டியிருக்கும். தினம் நீங்க கும்பிடுவீங்க. நான் அதைத் தாண்டித் தாண்டி அடுப்படிக்குப் போகணும். முடியாதுங்க என்னால." அவள் முகத்து மழையைப் புறங்கையால் துடைத்தாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப... ரொம்பப் பிடிச்சிருக்கு. பிடிச்சவங்ககிட்டப் பொய்யை வெச்சுக்கிட்டு அவங்களுக்கு எப்படிச் சோறு போடறது? என்னை வேண்டாம்னு சொன்னாலும் சரி. சொல்லிட்டேன்."

மழை... மழை... அவன் திரும்பவே இல்லை.

"எங்கப்பா எப்படி இருப்பார்னு... கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒல்லியாம். நல்ல உயரமாம். மேடையில ஏறினா ஆறு மாதிரிப் பேசுவாராம். ஆனா கோபம் வந்தா மட்டும்..."

"மட்டும்?"

"திக்குமாம். முதல் எழுத்துலயே."

குணசீலன் மெல்லத் திரும்பினான். இமைகளில் நின்றது மழையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தான். உதடு துடித்து, வார்த்தை முதல் எழுத்திலேயே திக்கி நின்றது. இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்... தொலைந்துபோன ஒன்று அங்கேதான் இத்தனை வருஷமும் இருந்தது என்பதுபோல.

அவள் ஒரு படி இறங்கிப் பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு உங்க வீட்டுக்கு வரேன்," என்றான், கையை எடுத்துவிட்டு.

"பொண்ணு கேக்கவா?"

"இல்லை. முதல்ல எங்கப்பாவைக் கேக்கணும். உங்கப்பாவுக்கு ஞாபகம் இருக்கற அத்தனையும், ஒண்ணு விடாம. பொண்ணு அப்புறம்தான்."

"அப்புறம்னா... எவ்வளவு அப்புறம்?"

குணசீலன் அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒரு விரலால் ஒதுக்கினான்.

"நீ போட்டுத் தர்ற காப்பி ஆறறதுக்குள்ள."