மூழ்கிய அல்லி இலைகள்

கண்ணாத்தாள் உட்கார மறுத்துவிட்டாள். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மாடியில் இருந்த துப்பறியும் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். திரையில் ஒரு படம். குளத்தின் கடைசிப் படியில், தண்ணீரை ஒட்டி, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் அடியெல்லாம் பிளீச்சிங் பவுடர்.

"எங்க வீட்டுக்காரர் செருப்புதாங்க. காலையில குளத்து மீனெல்லாம் செத்து மெதந்துச்சு. பாத்துட்டு ஆபீசுக்கு ஓடிச் சொன்னாரு. ஆபீசுல இருந்த அம்மாவோட திரும்பி வந்தா செருப்பு இப்படிக் கெடக்கு, பக்கத்துல காலிச் சாக்கு. நாந்தான் கொட்டுனேன்னு அவரு சாயங்காலத்துக்குள்ள டைரக்டருக்கு எழுதிக் குடுக்கணுமாம். இல்லாட்டிப் போலீசாம்."

துப்பறிவாளர் பிரகதீஸ்வரி படத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் பார்த்தாள். அவளுடைய உதவியாளர் அருள்மணிக்கு நிதானம் என்பது எந்தக் கடையில் கிடைக்கும் என்றே தெரியாது. ஐம்பத்திரண்டு வயது, முன்னாள் பஸ் கண்டக்டர், மூக்குக்கு மேல் கோபம். குளம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்ணாத்தாள் சொன்னதுமே அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இலுப்பூர் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் பசுமைக் கட்டடம் ஊரறிந்தது. 'எடுப்பதைவிட அதிகமாக மண்ணுக்குத் தரும் கட்டடம்' என்று வாசலில் பலகை. கூரையில் விழும் மழையும், கைகழுவும் தண்ணீரும் கல்வாழைப் பாத்தியில் சுத்தமாகிக் குளத்தை நிரப்புமாம். அந்தக் குளம் மூன்று வருடம் முன்புவரை கண்ணாத்தாள் ஊரின் குடிநீர் ஊருணி. நிரப்பித் தருகிறோம் என்று சொல்லித்தான் வேலிக்குள் வளைத்துப் போட்டார்கள். அதே ஊர் செல்லமுத்துவைத் தோட்டக்காரராகவும் வைத்துக்கொண்டார்கள். நாளை பசுமைக் கட்டட விருதுக் குழு குளத்தைப் பார்க்க வருகிறது. செத்த மீனுக்குக் கணக்குச் சொல்ல அவர்களுக்கு ஒரு குற்றவாளி வேண்டும்.

பிற்பகலில் மூவரும் குளக்கரைக்குப் போனார்கள். கரைமேல் ஒரு புங்கமரம். அதனடியில் கண்ணாத்தாள் செருப்பைக் கழற்றினாள். அருள்மணியும் யோசிக்காமல் கழற்றினார். ஊருணிக்குள் செருப்போடு இறங்கும் வழக்கம் அவர் ஊரிலும் கிடையாது.

மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அல்லிப் பூ ஒன்றுகூட மேலே இல்லை. இலைகள் தண்ணீருக்கு ஒரு சாண் கீழே விரிந்து கிடந்தன. பிரகதீஸ்வரி அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கிட்டு மழை எப்பப் பேஞ்சுச்சு?"

"ஒரு மாசமாச்சுங்க" என்றாள் கண்ணாத்தாள். "நேத்து சாயங்காலம்கூட இந்த எலையெல்லாம் மேலதான் மெதந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

அருள்மணி கல்வாழைப் பாத்திக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தார். மண் வெடித்துக் கிடந்தது. கட்டடத்துக்குப் பின்னால் நீச்சல்குளம். 'பராமரிப்பு' என்று அட்டை தொங்கியது. உள்ளே தண்ணீர் இல்லை, தரை மட்டும் ஈரம்.

சுற்றுச்சூழல் அலுவலர் ஷர்லி தயங்கித் தயங்கித்தான் பேசினாள். "இந்தத் திங்கக்கிழமைதான் நீச்சல்குளத்துல நெறையப் பவுடர் போட்டாங்க. மோட்டார் ரூம் சாவி டைரக்டர் சார்கிட்ட மட்டும்தான் இருக்கு. காலையில செல்லமுத்து ஓடி வந்தப்ப ஆபீஸ்ல நான் மட்டும்தான் இருந்தேன். சார் அப்பவே குளத்துப் பக்கம் போயிருந்தாங்க."

மாலை நான்கு மணிக்கு எல்லோரையும் குளத்துப் படியில் கூட்டினாள் பிரகதீஸ்வரி. செல்லமுத்து வெறுங்காலோடு ஓரமாக நின்றார். இயக்குநர் ஆனந்தராஜ் பளபளக்கும் ஷூவோடு கீழ்ப்படிவரை இறங்கி வந்தார்.

"எழுதிட்டு வந்தியா?" என்றார் செல்லமுத்துவிடம்.

"அவர் எழுத ஒண்ணுமில்லை சார்" என்றாள் பிரகதீஸ்வரி. "அந்த அல்லி இலையப் பாருங்க. தண்ணி ஏற ஏற அதுவும் தண்டை நீட்டி மேல வரும். ஆனா அதுக்கு நாள் ஆகும். சட்டுனு ஏறினா முங்கிடும். நேத்து சாயங்காலத்துக்கு அப்புறம் ஒரு சாண் தண்ணி ஏறியிருக்கு. ஒரு சாக்குப் பவுடர் கொட்டினா தண்ணி ஏறுமா?"

பிரகதீஸ்வரி கல்வாழைப் பாத்திப் பக்கம் கையைக் காட்டினாள்.

"மழை இல்லை. பாத்தி காஞ்சு கெடக்கு. உங்க கட்டடம் இந்தக் குளத்துக்கு ஒரு சொட்டுக்கூடத் தரலை. குழு வந்து அளக்கும்னு நீச்சல்குளத்துத் தண்ணிய மோட்டார் போட்டு இறைச்சிருக்கீங்க. அதுல இருந்த மருந்து மீனைக் கொன்னுருச்சு."

"இவன் செருப்பு இங்க எப்படி வந்துச்சு?"

"அங்கதான் தப்புப் பண்ணிட்டீங்க. இது இவுங்க குடிச்ச தண்ணி. உயிரே போனாலும் செருப்போட எறங்க மாட்டாங்க. இவர் பதறிப்போய் வெறுங்காலோட ஆபீசுக்கு ஓடுன நேரத்துல, மரத்தடியில கெடந்த செருப்புல பவுடரைப் பூசிக் காலிச் சாக்கோட கீழ கொண்டாந்து வச்சது, இந்த வழக்கம் தெரியாத ஆளு. அப்ப குளத்துப் பக்கம் இருந்தது நீங்க."

"பாவி" என்று பல்லைக் கடித்தார் அருள்மணி. குடிக்கிற தண்ணீரைப் பிடுங்கி, அதில் மருந்தைக் கலந்து, பழியையும் அந்த ஊர்க்காரன் தலையிலேயே கட்ட எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும் என்று அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஆனந்தராஜ் குரலைத் தாழ்த்தினார். "சரி, புகார் எதுவும் வேண்டாம். செல்லமுத்து, வழக்கம்போல வேலையைப் பாரு. மொதல்ல இந்த மீனை அள்ளிப் பொதைச்சிடு. காலையில குழு வருது."

அருள்மணி பாய்வதற்குள் பிரகதீஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பதில் சொல்ல வேண்டியவர் செல்லமுத்து.

செல்லமுத்து மனைவியைப் பார்த்தார். கண்ணாத்தாள் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"அள்ள மாட்டேன்" என்றார் செல்லமுத்து. "கெடக்கட்டும். வர்றவுக பாக்கட்டும்."

ஷர்லி கைப்பேசியை எடுத்து, மீனையும் மூழ்கிய இலைகளையும் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கத் தொடங்கினாள்.

"குழுவுக்கு நான் அனுப்பிடுறேன்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

ஆனந்தராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்லமுத்து அவருடைய கால்களைக் காட்டினார்.

"ஷூவோட நிக்கிறீங்க. மேல ஏறுங்க."

ஆனந்தராஜ் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். பிறகு படியேறிப் போனார்.