மஞ்சள் பொட்டு

இடுப்பின் இடது பக்கத்தில் காலையிலிருந்தே ஆணி அடித்ததுபோல் ஒரு வலி. குனிந்தால் குத்தியது, நிமிர்ந்தால் இழுத்தது, படுத்தால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. மெக்கானிக் இப்போது படுத்துத்தான் கிடந்தான். சிமெண்டுத் தரையில் ஓர் அட்டையை விரித்து, ஜென்மத்துக்கும் மறுபடி கண்ணில் படக் கூடாது என்று அவன் நினைத்த காருக்கு அடியில்.

டிக், டிக் என்று தலைக்கு மேலே ஒரு சத்தம். ஓடி நின்ற எஞ்சின் ஆறும்போது இரும்பு சுருங்கும் சத்தம். ஆயிரம் வண்டியில் கேட்டது. ஆனால் இந்த வண்டி ஓடவில்லை. போன வாரம் மேம்பால ஏற்றத்தில் லாரி மோதி, பின் சீட்டும் டிக்கியும் ஒன்றாகி, கூரை டிரைவர் சீட்டுவரை அப்பளமாக நொறுங்கி, கிரேனில் தொங்கிக்கொண்டு வந்த வண்டி. பேட்டரியை அன்றே கழற்றி மேசையில் வைத்துவிட்டான்.

மழைத் தண்ணி சொட்டுகிறது, வேறென்ன என்று சொல்லிக்கொண்டான். சொல்லிக்கொண்டதும் எரிச்சல்தான் வந்தது. விடுமுறை நாளில், பட்டப்பகலில், திருடன் மாதிரி ஷட்டரை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டு வேலை செய்யவைத்தது யார்? அக்கா புருஷன். பட்டறை முதலாளி. மச்சான்.

"நாளைக்குக் காலையில இன்சூரன்ஸ் ஆள் வர்றான், மாப்ளே. அதுக்குள்ள அந்த டூப்ளிகேட் சென்சாரைக் கழட்டிட்டு இந்த ஒரிஜினலைப் போட்டுடு" என்று டப்பாவை அவன் மடியில் எறிந்திருந்தார் மச்சான்.

"இதை அன்னிக்கே குடுத்திருக்கலாம்ல, மச்சான்?"

"ஓ, நியாயம் பேசறியா? போட்டது யாரு கை? மேல இருக்கற பொட்டு யாரோடது? மாட்டினா மொதல்ல உள்ள போறது நீ. அப்புறம் கடைக்குப் பூட்டு. ஜெயில் கம்பிக்கு அந்தாண்ட நின்னு உங்க அக்காவுக்குப் பதில் சொல்லிக்கோ."

பொட்டு அவனுடையதுதான். தான் மாட்டும் ஒவ்வொரு பாகத்திலும் அக்காவின் பழைய மஞ்சள் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைப்பான். நாளைக்கு எவனாவது வேறு பட்டறையில் கையைவைத்துவிட்டு இவன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக. "பொண்ணு பாத்துப் பொட்டு வெச்சாச்சா?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தப் பொட்டுதான் இப்போது அவன் கழுத்துக்குச் சுருக்கு.

கையை உள்ளே விட்டு கிளிப்பைப் பிடுங்கினான். போல்ட்டைத் தளர்த்தினான். எஞ்சினின் சுற்றை எண்ணிச் சொல்லும் கிராங்க் சென்சார் கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அது சொல்வதை நிறுத்தினால் எஞ்சின் அந்த இடத்திலேயே செத்துவிடும். ஏற்றமா, பின்னால் லாரி வருகிறதா என்றெல்லாம் பார்க்காது.

உருவினான். சுட்டது.

கையை உதறிக்கொண்டான். சென்சார் அட்டையில் விழுந்து உருண்டது. மஞ்சள் பொட்டு மேலே தெரிய நின்றது. காலித் தீப்பெட்டி எடை. முதலில் மாட்டின அன்றைக்கும் இதே எடைதான். டப்பா ஒரிஜினல், சீல் ஏற்கெனவே கிழிந்திருந்தது, உள்ளே இருந்தது இந்தக் கழிசடை. கையில் எடுத்ததுமே தெரிந்தது. நிமிர்ந்து மச்சானைப் பார்த்தான். மச்சான் கண்ணடித்தார். வாடிக்கையாளர் டப்பாவைத்தான் பார்ப்பார், அடியில் படுத்துப் பார்க்கப்போகிறாரா?

இந்தக் காருக்குச் சொந்தக்காரியான அந்த நர்ஸக்கா டப்பாவைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. இவன் முகத்தைத்தான் பார்த்தாள். பட்டறைச் சுவரோரம் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூலில், டியூட்டிக்குப் போகிற வெள்ளை ஷூவோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரிஜினல்தானே, தம்பி? ராத்திரியில தனியா ஓட்டறேன். நடுவுல நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

"டப்பாவைப் பாருங்கக்கா."

"டப்பாவை என்ன பாக்கறது? உங்களைத்தானே நம்பறேன்."

"நேரமாகும்க்கா. வீட்டுக்குப் போயிட்டு வாங்களேன்."

"நீங்க பாருங்க, தம்பி. நான் இருக்கேன்."

பல்லைக் கடித்தான். யார் மேல் கோபம் என்று தெரியாமல் கோபம் வந்தது. கண்ணடித்தவர் மேல், நம்பினவள் மேல், எடையை அறிந்தும் மாட்டிவிட்ட இந்தக் கை மேல். மச்சான் இன்று கொடுத்த டப்பாவைக் கிழித்தான். புதுச் சென்சார் கனமாக, சில்லென்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. பொட்டு வைத்தான். சொருகினான், போல்ட்டை முறுக்கினான், கிளிப் சொடக்கென்று விழுந்தது. முடிந்தது. தொலைந்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. டீசலும் கிரீஸும் ஈரச் சிமெண்டும் இத்தனை வருஷமாக ஊறிக்கிடக்கும் அந்த இடத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்டதுபோல மெல்ல, சுத்தமாக ஒரு மருந்து வாசனை, ஷட்டர் பக்கமிருந்து இல்லை, உள்ளே சுவரோரத்திலிருந்து, தரையோடு தரையாக ஊர்ந்து அவன் மூக்குக்கு வந்தது. கூடவே ஒரு கிறீச். பிளாஸ்டிக் கால் சிமெண்டில் நகரும் சத்தம்.

அவன் திரும்பவில்லை. போனை எடுத்தான். மச்சான் போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார். வெளிச்சத்தைப் போட்டு உள்ளே காட்டினான்.

பொட்டு காய்ந்திருந்தது. ஓரம் வெடித்து, எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது.

இப்போது வைத்த பொட்டு. விரலில் நகப்பூச்சு இன்னும் பிசுபிசுக்கிறது.

ஸ்பேனரை வைத்துக் கழற்றினான். உருவினான். சூடு. தீப்பெட்டி எடை. அட்டையில் முதலில் விழுந்தது அங்கேயேதான் கிடந்தது. பக்கத்தில் இதை வைத்தான். இரண்டும் ஒன்றுபோல.

டிக், டிக், டிக்.

"யோவ் மச்சான், என்னய்யா விளையாட்டு இது?" வாய்விட்டுக் கத்தினான். போனில் அழைத்தான். "நீ குடுத்ததும் டூப்ளிகேட்தான். உனக்கு மனுஷப் பிறவிங்கற நெனப்பே கெடையாதா?"

"வாயைக் கழுவு. கம்பெனி டீலர்கிட்ட நானே நேர்ல நின்னு வாங்கினது. பக்கத்துலதான் இருக்கேன். ஸ்டோர்ல இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டு வர்றேன். அங்கேயே கெட."

அங்கேயேதான் கிடந்தான். வெளியே வரலாம். ஷட்டர் இடது பக்கம். அதற்குத் தலையைத் திருப்ப வேண்டும். திருப்பினால் அந்தச் சுவரோரமும் தெரியும்.

திருப்பினான்.

சிவப்பு ஸ்டூலின் நான்கு கால்கள். அவற்றுக்கு முன்னால், ஒன்றையொன்று ஒட்டி, மழையில் நடந்துவந்த ஈரம் சிறிதும் இல்லாமல், இரண்டு வெள்ளை ஷூக்கள். காத்திருக்கிறவர்கள் வைத்துக்கொள்வதுபோல முனை மட்டும் மெல்ல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடினான். திறந்தான். ஆடியது.

ஷட்டர் தடதடவென்று உயர்ந்து மறுபடி இறங்கியது. மச்சானின் தோல் செருப்பு சளக் சளக்கென்று வந்தது. வண்டிக்கு அடியில் ஒரு டப்பா வழுக்கிக்கொண்டு வந்து அவன் தோளில் இடித்தது.

"பிடி. சீல் பிரிக்காதது. இதையும் டூப்ளிகேட்னு சொன்னே, செருப்பு பிஞ்சிடும்."

"மச்சான்." கிசுகிசுத்தான். "ஸ்டூல்ல..."

"ஸ்டூல்ல என்ன? உட்காரத்தான் போறேன். முழங்கால் விண்ணுவிண்ணுனு தெறிக்குது."

"உட்காராத, மச்சான்."

"ஏன், உங்க அப்பன் வீட்டுச் சீதனமா?"

செருப்புகள் சுவரோரம் நடந்தன. வெள்ளை ஷூக்களுக்கு முன்னால் போய்த் திரும்பி நின்றன. இரண்டு குதிகால்களுக்கும் பின்னால், ஒட்டினாற்போல, இரண்டு வெள்ளை முனைகள். ஆடுவது நின்றிருந்தது.

"இந்த ஒரு சென்சாருக்கு இவ்வளவு கூத்து. அவ ஒழுங்கா ஓட்டத் தெரியாமச் செத்ததுக்கு நாம..."

பேச்சு அங்கேயே அறுந்தது. கத்தல் இல்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம் மட்டும், விடாத சத்தம்.

மச்சானின் குதிகால்கள் செருப்பிலிருந்து எழுந்தன. பிறகு பெருவிரல்கள். பாதங்கள் மெல்ல மேலே போயின. முதலில் வண்டியின் விளிம்புவரை. பிறகு அதற்கும் மேலே. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு.

செருப்புகள் மட்டும் நின்றன.

ஸ்டூல் ஒருமுறை கிறீச்சிட்டது. வெள்ளை ஷூ மறுபடி ஆடத் தொடங்கியது.

"ஒரிஜினல்தானே, தம்பி?"

அதே குரல். கோபமில்லாத குரல். கோபித்திருந்தால் பரவாயில்லை என்றிருந்தது அவனுக்கு.

"டப்பாவை" என்று ஆரம்பித்தான். "இல்லக்கா. டூப்ளிகேட். கையில எடுத்தப்பவே தெரியும்."

மழை பெய்தது.

"சரி, போடுங்க. நான் இருக்கேன்."

சீலைப் பிரித்தான். கனம். குளிர்ச்சி. பொட்டு. சொருகினான். முறுக்கினான். வெளிச்சம் அடித்தான்.

காய்ந்த பொட்டு.

உருவினான். சூடு. அட்டையில் வைத்தான். டப்பாவில் கையை விட்டான். காலியாக இருக்க வேண்டிய டப்பாவில் இன்னொன்று இருந்தது. கனம். குளிர்ச்சி. சொருகினான். உருவினான். சூடு.

இடுப்பு வலி இல்லை. இடுப்பே இல்லாததுபோல் இருந்தது. ஷட்டருக்கு அடியில் தெரிந்த வெளிச்சம் சாம்பலாகி, பிறகு இல்லாமல் போனது. செருப்பின் மேல் ஏதோ சொட்டியது. மழையில்லை. அட்டை நிறைந்து, சென்சார்கள் தரையில் உருண்டு, அவன் விலாவைத் தொட்டுக் குவிந்தன. எல்லாவற்றின் மேலும் அவன் பொட்டு.

பேட்டரி இல்லாத எஞ்சினின் கப்பி அவன் முகத்துக்கு நேரே மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. நின்றது. சுற்றியது. நின்றது.

அவன் கை மறுபடி டப்பாவுக்குள் போனது. நர்ஸக்காவின் வண்டிக்கு ஒரு கிராங்க் சென்சார், ஒரிஜினல், இன்னும் பாக்கி.