இரைச்சல் நின்ற பாட்டு

"என் சின்னவனைக் கொன்னவன் லாக்கப்புல இருக்கான். இல்லவே இல்லைன்னு சாதிக்கிறான். நீங்கதான் அவன் வாயைத் திறக்க வைக்கணும்" என்றார் தையல்காரம்மா. அழுது ஓய்ந்த குரல்.

துப்பறிவாளரை எல்லோரும் நிதானம் என்பார்கள். அவரிடம் வேலை பார்த்த அக்கா மகளுக்கு அவரே வைத்த பெயர் அவசரக்குடுக்கை.

தையல்காரம்மாவின் இரண்டு மகன்களும் மத்தளம் என்ற நண்பனும் சேர்ந்து இசைக்குழு வைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் திட்டியதையே பெயராக்கி, கொட்டகைச் சுவரில் 'தலைவலி' என்று எழுதிக்கொண்ட பிள்ளைகள். பெரியவன் பாடுவான்; சின்னவன் கிட்டார்; மத்தளம் டிரம்ஸ். முந்தாநாள் கிட்டாரோடு, கூடப் பாட மைக்கில் வாய் வைத்த சின்னவன், மின்சாரம் தாக்கி அங்கேயே இறந்தான். பழைய ஆம்ப்ளிஃபயருக்குப் போன வாரம் புதுப் பிளக் மாட்டியவன் மத்தளம். அவனுக்கும் சின்னவனுக்கும் சண்டை வேறு.

கொட்டகையில் நிதானம் அந்தப் பிளக்கைத் திறந்தார். எர்த் ஒயர் கழற்றப்பட்டு, நுனியில் டேப் சுற்றியிருந்தது.

"மத்தளம் வேலைதான் மாமா."

"அவசரப்படாதே. பிளக்குக்குள்ளே பார்த்ததை வெளியே சொல்லாதே."

சின்னவனின் போனில் பயிற்சிப் பதிவுகள் இருந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாயையும் பெரியவனையும் உட்கார வைத்தார்.

"மத்தளம் அன்னைக்கு எப்ப வந்தான் தம்பி?"

"கடைசியா. எல்லாம் தயாரா இருந்துச்சு. நேரா டிரம்ஸ்ல உட்கார்ந்தான்."

"அதுக்கு முதல் நாள்?"

"எங்களுக்கு முன்னாடியே கிளம்பிட்டான்."

"பிளக்கை யாரோ திறந்திருக்காங்க."

பெரியவன் தலை குனிந்தான். "ஒரு பச்சை ஒயருக்கு இவ்வளவு ஆகுமா சார்?"

அவசரக்குடுக்கை நிமிர்ந்தாள். நிதானம் குரலை உயர்த்தவில்லை.

"நான் ஒயர்னு சொல்லலையே தம்பி. நிறமும் சொல்லலை. மத்தளம் மாட்டின பிறகும், முதல் நாள் கடைசிப் பாட்டு வரைக்கும், எல்லாப் பதிவிலும் ஆம்ப்ளிஃபயர் ரீங்காரம் இருக்கு. சின்னவன் செத்த பாட்டுல மட்டும் இல்லை. எர்த்தைக் கழட்டினா அந்த ரீங்காரம் நின்னுடும். அப்போ, மத்தளம் போன பிறகுதான் எர்த்தைக் கழட்டியிருக்காங்க."

தையல்காரம்மா மகனையே பார்த்தார்.

"போட்டிக்கு அனுப்பணும்மா. ஒரு தடவையாவது சுத்தமா வரணும்னு நினைச்சேன். அதைக் கழட்டினா இரைச்சல் நிக்கும்னு எங்கயோ படிச்சேன். அது அவனைக் காப்பாத்துற ஒயர்னு தெரியாதும்மா."

"மத்தளத்தைப் பிடிச்சப்போ ஏண்டா வாயைத் திறக்கலை?"

அடிக்க ஓங்கிய கை அவன் தோளில் விழுந்து, அப்படியே சட்டையைப் பற்றிக்கொண்டது.

"அந்தப் பையனோட அம்மா ஸ்டேஷன் வாசல்லயே கிடக்கா" என்றார் தையல்காரம்மா. "நேத்து அவ மூஞ்சில துப்பிட்டு வந்தேன்."

எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எஞ்சியிருந்த ஒரே மகனின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நடடா. முதல்ல அவகிட்ட போகணும்."