இளஞ்சூடான கார்புரேட்டர்

பல வருடமாக ஓடாத காரிலிருந்து கழற்றிய கார்புரேட்டர், கையில் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும் என்று மெக்கானிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். காலையிலிருந்து வானம் மூடிக்கிடந்ததை வசதியாக மறந்துவிட்டான்.

வீட்டை ஒட்டிய ஷெட். நடுவில் ஒரு சுவர்தான்; அதற்கு அந்தப் பக்கம் அவன் மனைவி மூச்சிழுப்போடு படுத்திருந்தாள். மருந்துக்கு அடங்கவில்லை, ஆஸ்பத்திரி என்றால் சாயங்காலம் பார்க்கலாம் என்பாள். ஸ்பேனரைத் திருப்பும்போதும், பெட்ரோல் வாடையும் மழை வாடையும் கலந்து தகரக் கூரைக்குக் கீழே கனக்கும்போதும், அடுத்த மூச்சு வருகிறதா என்று அவன் ஒரு காதைச் சுவரிலேயே விட்டுவைத்திருந்தான்.

"அந்த இரும்புக்குப் பாக்குற வைத்தியத்துல பாதி எனக்குப் பாருங்களேன்" என்றாள் உள்ளிருந்து.

"அதுக்கும் உன்ன மாதிரிதான். தொண்டை அடைச்சுக் கெடக்கு" என்று சிரித்தான். அவளைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் சிரிப்புக்குள்ளேயே இருந்தது.

எந்தக் கம்பெனி என்று தெரிந்தால்தான் உதிரி பாகம் தேட முடியும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தான். எண் இல்லை, முத்திரை இல்லை. திருகாணிகளின் இடம் அவனுக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்கு ஒத்துப்போனது, மிதவைத் தொட்டி இன்னொன்றுக்கு. காற்று நுழைகிற வாய் மட்டும் எதற்கும் ஒத்துப்போகவில்லை. விரலை விட்டபோது உள்ளே ஈரமாக, மெத்தென்று இருந்தது. முகர்ந்தான். பெட்ரோல் இல்லை. காலையில் அவள் குடித்த இருமல் மருந்தின் இனிப்பு வாடை.

பெட்ரோல் வருகிற பொடித்துளை கரியால் அடைத்திருந்தது. அதில் உதட்டை வைத்து ஊதினான். தொழிலில் எல்லாரும் செய்வதுதான். கரி தெறித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இழுப்பு நின்று நீளமாக ஒரு மூச்சு வந்தது.

"ஏங்க, இப்பதான் நெஞ்சு லேசா இருக்கு."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிம்மதியில் கார்புரேட்டரின் வாயை உள்ளங்கையால் சும்மா மூடினான். அது கையை உறிஞ்சியது. விட்டது. மறுபடி உறிஞ்சியது. மேஜைமேல் கிடக்கிற வெறும் இரும்பு. சுவருக்கு அப்பால் அவள் மூச்சும் அதே தாளத்தில் தடுமாறியது. வெடுக்கென்று கையை எடுத்தான். பிரமை என்று வாய்விட்டே சொன்னான்.

வாசலில் பைக் ஹாரன் அடித்தது. கார்க்காரர். திறந்த கார்புரேட்டரை அப்படியே விட்டுப்போக அவன் கைக்குத் தெரியாது. தூசி விழாமல் இருக்க, எழும்போதே அந்தக் கை, கிடைத்த துணியைச் சுருட்டி அதன் வாயில் திணித்தது. அவளுடைய பழைய நைட்டியிலிருந்து கிழித்த நீலப்பூத் துணி.

இந்த மாதிரிப் பாகம் எங்கும் கிடைக்காது என்று அவன் வாசலில் நின்று சொல்ல, கார்க்காரர் தலையாட்டினார்.

"அப்பா அதை யாரையும் தொடவிட மாட்டாரு. ஒரே ஒருதரம் அவரே கழட்டினாரு. அன்னிக்குத்தான் அம்மா போனாங்க. அப்புறம் வண்டியவே எடுக்கல."

என்னவோ குறைந்தது. காலையிலிருந்து காதில் உரசிக்கொண்டிருந்த ஒன்று. தூங்கிவிட்டாளா?

துணி.

ஓடினான். துணியின் நுனிதான் வெளியே இருந்தது. பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளிருந்து எதுவோ இழுத்தது. நுனியும் விரலிலிருந்து நழுவி உள்ளே போனது.

"ஏம்மா?"

அறைக்குப் பாய்ந்தான்.

அறைக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் கழுத்தில். கண் அவனையே பார்த்தது. வாய் பெரிதாகத் திறந்திருந்தது.

பற்களுக்குப் பின்னால், கிரீஸ் படிந்த நீலப்பூ. அவன் பார்க்கப் பார்க்க அது உள்ளே நகர்ந்தது.