ஒரு சிட்டிகை மரத்தூள்

பழைய வீட்டுக் கதவு, உத்திரம், தூண் வாங்கி விற்பவன் நான். ஜாஃபர் சாதிக் தட்டிப் பார்த்துச் சொன்னால் மரத்துக்கு மறு பேச்சில்லை என்பார்கள் சீர்காழி வட்டாரத்தில். அந்தப் பெயரை நம்பித்தான் வெள்ளைக்காரப் பாதிரியார் வீட்டைப் பார்த்துச் சொல்லும்படி அதன் நிர்வாகத்தார் என்னைக் கூப்பிட்டார்கள். மரம் திடமென்றால் பழுது பார்ப்பார்கள். உளுத்திருந்தால் இடித்து, மரத்தை எனக்கே தருவார்கள்.

கருவாட்டுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

உச்சி வெயிலில் போய் இறங்கினேன். சுற்றிலும் வயல். நடுவில் தன் ஊர் வீட்டை அப்படியே கட்டி வைத்திருந்தார் பாதிரியார். பனி சறுக்கி விழ வசதியாகச் செங்குத்துக் கூரை. வெளிச்சத்தைக் கிள்ளிக் கொடுக்கும், உச்சி கூரான மாதா கோயில் ஜன்னல்கள். கூடத்தில் கணப்படுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. காவிரிக் கரையில் குளிர் காய நினைத்த மனுஷன்!

பின்கட்டுச் சமையலறையில் குடியிருந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவந்த காத்தாயி எதிரே வந்தாள்.

"வீடு நிக்குமா பாய்? இத விட்டா எனக்குப் போக்கிடமில்ல."

"பாத்துட்டுச் சொல்றேம்மா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொடுங்க."

தாகமெல்லாம் இல்லை. அவள் அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். கணப்படுப்பின் மேல் உத்திரத்தில் ஆணியை அழுத்தினேன். இறங்கவில்லை. அசல் பர்மா தேக்கு. என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிட்டிகை உளுத்த மரத்தூள் இருக்கும். தொழில் ரகசியம். அதை உத்திரத்தின் கீழே தூவினேன்.

காத்தாயி சொம்போடு வந்தாள். அவள் பார்க்க உத்திரத்தைத் தட்டினேன்.

டொக்.

புகைபோக்கிக்குள்ளிருந்தும் டொக்.

எதிரொலி என்று சிரித்துக்கொண்டு இரண்டு தட்டினேன்.

மூன்று வந்தது.

"உள்ள யாரும்மா?"

"யாருமில்லியே பாய். எனக்கு ஒண்ணும் கேக்கலியே."

கணப்படுப்பின் கல்லில் கை வைத்தேன். அதில் நெருப்பு மூட்டி அறுபது வருஷமாவது இருக்கும்.

கல் சுட்டது.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உள்ளங்கை எரிய எரியச் சொன்னேன்: "உள்ள பூரா உளுத்துப்போச்சும்மா."

அவள் தூளைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். "வேர்த்துக் கொட்டுதே. தண்ணியக் குடிங்க பாய்" என்றாள்.

அடுத்த மாதம் வீடு தரைமட்டம். காத்தாயி எங்கே போனாள் என்று நான் விசாரிக்கவில்லை. கேட்டால் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மிச்சத் தூளை வாய்க்காலில் கொட்டினேன். இனி இந்தத் தூள் வேலையே வேண்டாமென்று மனைவி ஆமினாவிடம் சொன்னேன்.

இந்தப் பெருநாள் காலையில் எனக்கு எடுத்த புதுச் சட்டையை அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தாள் ஆமினா. குண்டூசிகூடக் கழற்றாத சட்டை. பையில் விரலை விட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். விரல் நுனியில் உளுத்த மரத்தூள்.

"சுடுதுங்க" என்றாள். பிறகு, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில், "இத விட்டுட்டேன்னு சொன்னீங்களே?"

"அல்லா மேல சத்தியமா..." என்று வாயெடுத்தேன்.

எங்கள் வீட்டு நிலைக்கதவுக்குள்ளிருந்து,

டொக்.