கிரஹாமின் மாட்டுத்துறை

மீன்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்று. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

அவித்த கோதுமை, சோளம், ரொட்டித்தூள் எல்லாம் கலந்து ஒரு வாளி. மீன் பிடிக்க எங்கள் வீட்டில் வந்து தங்கும் விருந்தினர் வருவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே, தினமும் ஒரே நேரத்தில், ஏரியில் ஒரே இடத்தில் கொட்ட வேண்டும். மீன்களுக்கு அந்த இடம் பழகிவிடும். விருந்தினர் அங்கே போய் உட்கார்ந்து தூண்டில் போடுவார்கள். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டு மறுபடியும் ஏரியிலேயே விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு பைத்தியம்.

எங்கள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் ஏரியில் பாதி அயர்லாந்து, பாதி வட அயர்லாந்து. தண்ணீரில் கோடு கிடையாது. அதனால் வாத்துகளுக்கு விஷயம் தெரியாது.

வழக்கமாக அப்பாதான் வாளி தூக்குவார். அந்த ஜூன் மாதம் அவர் லாரி ஓட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போயிருந்தார். அதனால் வேலை நூலா அக்காவிடம் வந்தது. அவளுக்குப் பத்து வயது. எனக்கு எட்டு. வாளிச் சோளத்தில் கொஞ்சம் ருசி பார்ப்பது என் வேலை.

நான்கு நாள் எங்கள் கரையில், பெரிய மரத்தடியில் கொட்டினோம். சனிக்கிழமை அங்கே தூண்டில் போடப்போகும் வில்ஃப் மாமாவுக்காக. அவர் இங்கிலாந்திலிருந்து வருடம் தவறாமல் வரும் விருந்தினர்.

புதன்கிழமை தொலைபேசி அடித்தது. அம்மா பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வில்ஃபுக்கு இப்ப காலு வராதாம். சக்கர நாற்காலியிலதான் இருக்காராம். 'இந்தத் தடவை கரைக்குப் போக முடியலன்னா, தூண்டிலையெல்லாம் வித்துடப் போறேன்'னு சொல்றாரு."

"வித்துடுவாரா? அந்தப் பச்சைத் தூண்டிலைக் கூடவா?" என்றேன்.

"எல்லாத்தையும்தான்டா."

அக்கா எழுந்தாள். எங்கள் மரத்தடிக்குப் போக வழியெல்லாம் வேர். ஆடு போகலாம், நாற்காலி போகாது.

"சுத்தி அஞ்சு ஏரி இருக்கு. ஒண்ணுல கூடவா நாற்காலி போகாது? வாடா, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில ஏறு."

"எதுக்கு?"

"இப்ப நீதான் வில்ஃப் மாமா."

என்னை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். முதல் ஏரியில் நாணல் என் தலைக்கு மேலே. இரண்டாவது ஏரிக்கு மூன்று வேலி ஏறி இறங்க வேண்டும். மூன்றாவது ஏரிக் கரையில் ஒரு காளை நின்றது. அது எங்களைப் பார்த்த பார்வை சரியில்லை. நான்காவதில் வண்டி சேற்றில் கவிழ்ந்து வில்ஃப் மாமா, அதாவது நான், முழங்கால்வரை புதைந்தேன். ஒரு பூட்ஸ் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது எங்கள் வீட்டு ஏரியேதான். அக்கா இடுப்பில் கைவைத்து எதிர்க்கரையைப் பார்த்தாள். அங்கே தண்ணீர்வரை சிமெண்ட் போட்ட துறை ஒன்று இருந்தது. மாடுகள் தண்ணீர் குடிக்கக் கட்டியது.

"அது கிரஹாமோட இடம்!" என்றேன். "அவரு நம்ம அப்பாகிட்ட மூணு வருஷமா பேசுறதில்ல!"

"நம்மகிட்ட பேசமாட்டேன்னு சொல்லலையே," என்றாள் அக்கா.

மறுநாள் பள்ளி விட்டதும் ஏரியைச் சுற்றி நடந்தோம். சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறியது. எல்லை தாண்டிவிட்டோம். கிரஹாம் வீட்டு வாசல்கதவில் ஒரு பலகை: 'உள்ளே வராதீர்.'

அக்கா கதவைத் தட்டினாள். சிவந்த முகமும் பெரிய கைகளுமாகக் கிரஹாம் வந்து நின்றார்.

"யாரு நீங்க?"

"எதிர்க்கரை வீடு. நான் நூலா. இவன் என் தம்பி ஃபிண்டன்."

"ஓகோ! என் மாட்டைக் கறந்தானே, அவன் பிள்ளைங்களா?"

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போனேன். அக்கா அசையவில்லை.

"ஆமா ஐயா. ஆனா உங்க மாடுதானே நீந்தி வந்து எங்கம்மா போட்ட முட்டைக்கோஸ் பூராவையும் தின்னுச்சு? முட்டைக்கோஸ் உங்க மாட்டு வயித்துல, பால் எங்க வயித்துல. சரிக்குச் சரியாப் போச்சே!"

கிரஹாம் அவளை உற்றுப் பார்த்தார்.

"பாலு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. கொஞ்சம் முட்டைக்கோஸ் வாசம் அடிச்சுது."

அவர் வயிறு முதலில் குலுங்கியது. அப்புறம் சிரிப்பு வந்தது. சிரித்து முடியும்வரை காத்திருந்து அக்கா வில்ஃப் மாமாவின் கதையைச் சொன்னாள்.

"மீனைப் பிடிச்சு மறுபடி தண்ணியில விட்டுடுவாரா? அப்புறம் எதுக்குப் பிடிக்கிறாரு?" என்றார் கிரஹாம். "சரி, வரட்டும். ஆனா ஆறு மணிக்கு என் மாடுங்க இறங்கும். அவங்களுக்கு அப்புறம்தான் யாரா இருந்தாலும்."

அன்று ஐந்தரைக்கே வாளியைத் துறையில் கவிழ்த்தோம். ஆறு மணிக்கு இருபது மாடுகள் வந்தன. வயிறு நனையும்வரை இறங்கின. குடித்தன, கலக்கின, சாணமும் போட்டன. தண்ணீர் தேநீர் மாதிரி ஆகிவிட்டது.

"போச்சு! மீனெல்லாம் அடுத்த மாவட்டத்துக்கே ஓடியிருக்கும்," என்று தலையில் கைவைத்தேன்.

அக்கா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"வாயை மூடிட்டு தண்ணியைப் பாரு."

மாடுகள் ஏறிப் போய் ஐந்து நிமிடம் இருக்கும். கலங்கிய தண்ணீரில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள் வந்தன. முதலில் ஒரு கொத்து. பிறகு மூன்று. பிறகு துறை முழுவதும்.

"டென்ச்!" என்றாள் அக்கா மூச்சை அடக்கி. டென்ச் சேற்றைக் கிளறித் தின்னும் மீன். அது கிளறினால் இப்படித்தான் குமிழி வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

"மாடுங்க மிதிக்கிறப்ப புழுவெல்லாம் மேல வருதுடா. நாம அஞ்சு நாளா சாப்பாடு போடுறோம். இந்த மாடுங்க வருஷக்கணக்கா போடுதுங்க! நாளைக்கு வாளி மாடுகளுக்கு அப்புறம்தான்."

வெள்ளிக்கிழமை அப்படியே செய்தோம். அன்று ராத்திரி வில்ஃப் மாமா, கையாலேயே ஓட்டும்படி மாற்றிய தன் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். எல்லைக்கு அப்பால், கிரஹாமின் கரையில் தூண்டில் போட உரிமச் சீட்டு வேண்டும். நாங்கள் விஷயத்தைச் சொன்னதுமே அம்மா அதை வாங்கி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை மாலை வில்ஃப் மாமாவின் நாற்காலி சிமெண்டில் வெண்ணெயாக வழுக்கிப் போனது. கிரஹாம் இரண்டு கல்லைத் தூக்கி வந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார். மாடுகள் வந்தன, கலக்கின, போயின.

வில்ஃப் மாமாவின் முகம் சுருங்கியது.

"நூலா, நீ ரொம்பப் பாடுபட்டிருக்க. ஆனா இந்தச் சகதியில மீன் எங்கேம்மா இருக்கப் போகுது? பரவாயில்ல. உங்களையெல்லாம் பார்த்தாச்சு, அது போதும்."

"மாமா, பத்து நிமிஷம் பேசாம இருங்க," என்றாள் அக்கா. பெரியவர்களிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் அவர் பேசாமல் இருந்தார்.

அக்கா வாளியைக் கொட்டினாள். வில்ஃப் மாமா பச்சைத் தூண்டிலை வீசினார். சிவப்பு மிதவை அசையாமல் நின்றது. குமிழிகள் கிளம்பின. நான் எண்ண ஆரம்பித்தேன். நாற்பத்து மூன்று வரும்போது மிதவை காணாமல் போனது.

"ஏய்! ஏய்! ஏய்!" என்று கத்தியது வில்ஃப் மாமா இல்லை. கிரஹாம்!

தூண்டில் அரைவட்டமாக வளைந்தது. வில்ஃப் மாமா பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். அக்கா தண்ணீரில் இறங்கி வலையைப் பிடித்தாள். பச்சை உடம்பு, சிவப்புக் கண், என் கை நீளத்துக்கு ஒரு டென்ச்!

வில்ஃப் மாமா அதை மடியில் வைத்துக்கொண்டார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவே இல்லை. படம் எடுத்ததும் மீனை அக்காவிடம் கொடுத்தார். அவள் தண்ணீரில் பிடித்திருந்து மெதுவாக விட்டாள்.

"நிஜமாவே விட்டுட்டீங்களே!" என்று கிரஹாம் தலையைச் சொறிந்தார்.

"இருக்கட்டும்," என்றார் வில்ஃப் மாமா, புழுவைக் கொக்கியில் மாட்டியபடி. "அடுத்த ஜூன்ல அது இன்னும் பெரிசாயிருக்குமே."

தூண்டில் விற்கும் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அன்று மட்டும் ஏழு மீன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது, வாசல்கதவுப் பலகையில் 'உள்ளே வராதீர்' என்பதற்குக் கீழே சுண்ணாம்புக் கட்டியால் எழுதியிருந்தது: 'மாடுகள், வில்ஃப், நூலா தவிர.'

சுண்ணாம்புக் கட்டி அங்கேயே கீழே கிடந்தது. என் பெயரை நானே சேர்த்துக்கொண்டேன்.